அப்பாவின் ரத்தத்தில் துரு இருக்கிறதா?

இன்னைக்கு கெஸ்ட் யாரும் இல்லை, நான் மட்டும்தான். ரொம்ப நாளா பேசணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. இதுல எங்க வீடும் இருக்கு, என் வேலையும் இருக்கு. அதான் தயக்கம்.

அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து ரெண்டு மாசம் ஆகியிருந்தது. ஒரு நாள் அண்ணன் வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ அனுப்பினான். ஏதோ ஒரு பிரைவேட் லேபோட நோட்டீஸ். 'ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் ப்ரொஃபைல்'னு பெரிய எழுத்துல தலைப்பு. எம்டிஏ, எஸ்ஓடி, குளூட்டத்தயோன், டோட்டல் ஆன்டிஆக்சிடன்ட் கெபாசிட்டி, எல்லாம் சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய். அதுக்குக் கீழே, ரிசல்ட்டைப் பொறுத்து மூணு மாசத்துக்கு சப்ளிமென்ட் பேக்கேஜ், அதுக்குத் தனி ரேட். அண்ணன் ஒரே வரிதான் எழுதியிருந்தான்: "பாப்பா, இது நீ பண்ற டெஸ்ட்தானே? அப்பாவுக்கு எடுத்துடலாமா?"

ஆமாம், நான் பண்ண டெஸ்ட்தான். எம்.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி முடிச்சுட்டு சென்னையில ஒரு ஆராய்ச்சி லேப்ல ப்ராஜெக்ட் அசிஸ்டன்டா இருந்தேன். ஸ்ட்ரோக் வந்தவங்களோட ரத்தத்துல எம்டிஏ அளக்கிறதுதான் அங்க என் தினசரி வேலை. அந்த டெஸ்ட்டை எங்க வீட்டுல என்னைவிட நல்லா தெரிஞ்சவங்க யாரும் இல்லை. இருந்தும் அண்ணனுக்கு "வேணாம்"னு டைப் பண்ண எனக்கு ரெண்டு நாள் ஆச்சு.

எங்க ஊர் கும்மிடிப்பூண்டி. மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்ல லோக்கல் ட்ரெயின் ஏறினா எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டி எங்க ஸ்டேஷன் வரும். திருவள்ளூர் மாவட்டம்தான், ஆனா திருவள்ளூர் ஊருக்குப் போறதைவிட எங்களுக்குச் சென்னைக்குப் போறதுதான் சுலபம். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

சிப்காட்ல இரும்பு ஆலைகள் நிறைய. அப்பா ரோலிங் மில்லுல முப்பது வருஷம். பில்லெட்டை பர்னஸ்ல போட்டு ஆரஞ்சு நிறத்துல வெளிய இழுப்பாங்க. காத்து பட்ட உடனே மேல கருப்பா ஒரு தோல் உருவாகும். ரோலர்ல அடிபடும்போது அது செதில் செதிலா உதிரும். 'ஸ்கேல்'னு சொல்வாங்க. சின்ன வயசுல ஒரு தடவை அது என்னன்னு கேட்டேன். "காத்து இரும்பைத் தின்னுதும்மா. நூறு கிலோ உள்ள போட்டா நூறு கிலோ கம்பி வெளிய வராது" என்றார். பின்னாடி காலேஜ்ல ஆக்சிடேஷன் பாடம் நடத்தினப்போ எனக்குப் புதுசா எதுவும் தெரியலை. அப்பா ஏற்கனவே நடத்தி முடிச்சுட்டார்.

உடம்புக்குள்ள நடக்கிறதும் அந்தக் குடும்பத்து வேலைதான். நாம மூச்சுல இழுக்கிற ஆக்சிஜன்ல ஒரு சின்ன பங்கு, செல்லுக்குள்ள எரிபொருள் எரியும்போது, அரைகுறையா மாறி வெளிய வருது. சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு, எல்லாத்தையும்விட மோசமான ஹைட்ராக்சில். இதுங்களுக்குப் பொதுப்பெயர் ஃப்ரீ ரேடிக்கல், கூட அதோட சொந்தக்காரங்க. பக்கத்துல எது கிடைச்சாலும் அதுல இருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும். 1954ல ரெபேக்கா கெர்ஷ்மன்னு ஒரு அர்ஜென்டினா விஞ்ஞானி, அதிக ஆக்சிஜன் செய்ற சேதமும் எக்ஸ்-ரே செய்ற சேதமும் ஒரே வழியில நடக்குதுன்னு எழுதினாங்க. அப்போ பலர் அதை ஏத்துக்கலை. 1969ல ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும் அமெரிக்காவுல டியூக் யுனிவர்சிட்டியில எஸ்ஓடி என்சைமைக் கண்டுபிடிச்சாங்க. சூப்பராக்சைடை அடக்குறதுதான் அந்த என்சைமோட வேலை. இப்படி ஒரு காவல்காரனை உடம்பு தானே தயாரிச்சு வச்சிருக்குன்னா, திருடனும் உள்ளேயே இருக்கான்னு அர்த்தம். அதுக்கப்புறம்தான் இந்தத் துறையை எல்லாரும் சீரியஸா எடுத்துக்கிட்டாங்க.

மூளைக்கு இதுல கூடுதல் ஆபத்து. உடல் எடையில மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனா நாம சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கிற ஆக்சிஜன்ல 20 சதவீதம் அதுக்குப் போகுது. அதோட மூளை செல்லோட சவ்வு முழுக்க சீக்கிரம் கெட்டுப்போகிற வகைக் கொழுப்பு. தீபாவளி முறுக்கை டப்பாவுல மறந்துட்டு பொங்கலுக்குத் திறந்தா ஒரு சிக்கு வாடை வரும் இல்லையா? எண்ணெய்க் கொழுப்பு ஆக்சிஜன் பட்டு உடைஞ்ச வாடை அது. கிட்டத்தட்ட அதே ரியாக்‌ஷன் மூளையில நடக்கும்போது உடைஞ்சு விழற துண்டுகள்ல ஒண்ணுதான் எம்டிஏ, அதாவது மலோன்டைஆல்டிஹைடு. ரத்தத்துல அதை அளந்தா, உள்ள எவ்வளவு கொழுப்பு சிக்குப் பிடிச்சிருக்குன்னு ஒரு கணக்கு கிடைக்கும்னு நம்பிக்கை.

அளக்கிற முறை ரொம்ப அழகு. சீரத்தோட தயோபார்பிட்யூரிக் ஆசிட் சேர்த்து, வாட்டர் பாத்துல கொதிக்க வச்சா டியூப் ரோஸ் கலருக்கு மாறும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ எம்டிஏ அவ்வளவு அதிகம். 532 நானோமீட்டர் வெளிச்சத்துல வச்சு படிப்போம். ஸ்ட்ரோக் பேஷன்ட்டோட டியூபையும் ஆரோக்கியமானவங்க டியூபையும் பக்கத்துல பக்கத்துல வச்சா, பல நேரம் கண்ணாலேயே வித்தியாசம் தெரியும். முதல் தடவை பார்த்தப்போ எனக்குப் புல்லரிச்சுது. ஒருத்தர் தலைக்குள்ள நடந்ததை ஒரு டியூபோட நிறத்துல பார்த்துட்ட மாதிரி இருந்தது. அந்தப் புல்லரிப்புதான் அண்ணனுக்கு உடனே பதில் சொல்ல விடலை.

சரி, அப்பாவுக்கு வந்த நாளைச் சொல்றேன்.

நைட் ஷிப்ட் முடிஞ்சு காலையில 6.30க்கு வீட்டுக்கு வந்தார். டீ குடிச்சார். 7.20க்கு எனக்கு போன் பண்ணி, "கேஸ் புக் பண்ணிட்டியாம்மா"ன்னு கேட்டார். தெளிவா பேசினார். அப்புறம் படுத்துட்டார். 9 மணிக்கு அம்மா எழுப்பினப்போ வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கு, இடது கை தொங்குது, பேச்சு குழறுது. தெருவுல நாலு பேர் கூடிட்டாங்க. ஒருத்தர் புறா ரத்தம் தடவணும்னார். இன்னொருத்தர் விரல் நுனியில ஊசியால குத்தி ரத்தம் எடுக்கணும்னு போன்ல வந்த மெசேஜைக் காட்டினார். அம்மா பயந்துபோய் பக்கத்துல இருந்த ஒரு சின்ன க்ளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்க "வீக்னஸ்தான், நைட் ஷிப்ட் இல்லையா"ன்னு சொல்லி ஒரு பாட்டில் ட்ரிப்ஸ் ஏத்தினாங்க. பாட்டில் முடியறதுக்குள்ள பதினொன்றரை. நான் விஷயம் தெரிஞ்சு போன்ல கத்தி, 108 வந்து, சென்னையில சி.டி. ஸ்கேன் எடுத்தப்போ மணி 1.40.

டாக்டர் முதல்ல கேட்டது பேரோ வயசோ இல்லை. "கடைசியா எப்போ நல்லா இருந்தார்?" நான் போனை எடுத்து கால் ஹிஸ்டரியைக் காட்டினேன். 7.20. அவர் மனசுக்குள்ள கணக்குப் போட்டது முகத்துல தெரிஞ்சுது. அடைப்பைக் கரைக்கிற ஊசியை, கடைசியா நல்லா இருந்த நேரத்துல இருந்து பொதுவா நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். எங்களுக்கு ஆறு மணி நேரம் தாண்டியாச்சு. பெரிய ரத்தக்குழாய்ல அடைப்புன்னா சிலருக்கு 24 மணி நேரம் வரைக்கும்கூட கம்பி விட்டு எடுக்க வாய்ப்பு இருக்கு. அப்பாவுக்கு அடைச்சது ரொம்பச் சின்ன குழாய், அதுக்கு அந்த வழி இல்லை.

9 மணிக்கு நேரா கிளம்பியிருந்தா 11க்கு முன்னாடி போயிருக்கலாம். இந்தக் கணக்கை நான் எத்தனை தடவை போட்டிருப்பேன்னு எனக்கே தெரியாது.

அதான் அண்ணனோட நோட்டீஸ் வந்தப்போ எனக்கு அவ்வளவு ஆசை. தவறவிட்டதை எங்கேயாவது, எப்படியாவது ஈடுகட்டணும்னு வீட்டுல எல்லாருக்கும் இருந்தது. அண்ணன் மட்டும் இல்லை, நானும்தான். அந்த நோட்டீஸ் அடிச்சவங்களுக்கு அது நல்லாவே தெரியும்னு நினைக்கிறேன்.

ரெண்டாவது நாள் ராத்திரி என் பழைய லேப் நோட்டை எடுத்துப் படிச்சேன். என் கையெழுத்துலேயே பதில் இருந்தது.

ரத்தம் எடுத்ததும் டியூபை ஐஸ்ல வைக்கணும். சீக்கிரம் சென்ட்ரிபியூஜ் பண்ணணும். மேல ஆக்சிடேஷனை நிறுத்த ஒரு கெமிக்கல் சேர்க்கணும். இல்லைன்னா டியூபுக்குள்ளேயே கொழுப்பு சிக்குப் பிடிச்சுக்கிட்டே போகும். சிவப்பணு உடைஞ்ச சாம்பிளா இருந்தா ரிசல்ட் தப்பாயிடும். தயோபார்பிட்யூரிக் ஆசிட் எம்டிஏவோட மட்டும் நிறம் மாறாது, சில சர்க்கரைகளோடயும் பிலிருபினோடயும்கூட சேரும். இந்த டெஸ்ட் பிரபலமானதே உணவுத்துறையில, பாலும் இறைச்சியும் கெட்டுப்போச்சான்னு பார்க்கத்தான். கும்மிடிப்பூண்டியில காலையில எடுத்த ரத்தம், பைக்ல ஒரு தெர்மாகோல் பெட்டியில, மே மாச வெயில்ல ஜிஎன்டி ரோட்டுல சென்னைக்கு வந்து, சாயங்காலம் மெஷின்ல ஏறினா, நாம அளக்கிறது அப்பாவையா, அந்தப் பயணத்தையா?

சரி, எல்லாம் ஒழுங்கா நடந்துச்சுன்னே வச்சுக்குவோம். அப்பவும் ஒரு பிரச்சினை. எட்டாம் வகுப்புப் பசங்க சராசரி உயரத்தையும் பத்தாம் வகுப்புப் பசங்க சராசரி உயரத்தையும் எடுத்தா வித்தியாசம் இருக்கும். ஆனா ஒரு பையனோட உயரத்தை மட்டும் சொல்லி அவன் எந்த வகுப்புன்னு கேட்டா உங்களால சொல்ல முடியுமா? எம்டிஏவும் அப்படித்தான். ஸ்ட்ரோக் வந்தவங்க கூட்டத்தோட சராசரி அதிகம். உலகம் முழுக்க திரும்பத் திரும்ப அப்படித்தான் வருது, அதுல சந்தேகம் இல்லை. ஆனா ரெண்டு கூட்டமும் நிறைய இடத்துல ஒண்ணு மேல ஒண்ணு படியுது. தனி மனுஷனுக்கு 'நார்மல்' எதுன்னு எல்லா லேபும் ஒத்துக்கிட்ட ஒரு கோடு கிடையாது. சர்க்கரை இருந்தா ஏறும். சிகரெட் பிடிச்சா ஏறும். வயசானா ஏறும். பிரஷர் இருந்தா ஏறும். அப்பாவுக்கு இந்த நாலும் இருக்கு. டெஸ்ட் எடுக்காமலேயே "அதிகம்"னு நானே ரிப்போர்ட் எழுதிக் கொடுத்திருப்பேன்.

எஸ்ஓடி இன்னும் வேடிக்கை. சில ஆய்வுகள்ல ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு அது குறைஞ்சிருக்கு, சிலதுல கூடியிருக்கு. குறைஞ்சா, சண்டையில செலவாயிடுச்சுன்னு எழுதுவாங்க. கூடினா, சண்டைக்காக உடம்பு அதிகமா தயாரிக்குதுன்னு எழுதுவாங்க. நானே ஒரு டிராஃப்ட்ல ரெண்டாவது வாக்கியத்தை எழுதியிருக்கேன். எந்தப் பக்கம் விழுந்தாலும் விளக்கம் ரெடியா இருந்தா அதை வச்சு ஒரு முடிவும் எடுக்க முடியாது. அதை எழுதும்போது இது எனக்கு உறைக்கலை, அப்பா கட்டில்ல படுத்திருக்கும்போதுதான் உறைச்சுது.

இதைவிடப் பெரிய கேள்வி ஒண்ணு இருக்கு. எம்டிஏ ஏறினதால ஸ்ட்ரோக் வந்ததா, ஸ்ட்ரோக் வந்ததால எம்டிஏ ஏறிச்சா? ஆஸ்பத்திரிக்கு வந்தப்புறம் எடுத்த ரத்தத்துல இதைப் பிரிச்சுப் பார்க்கிறது ரொம்ப கஷ்டம்.

மருந்து கொடுத்து எம்டிஏவைக் குறைச்சா ஆள் பிழைப்பாரான்னு பார்த்துடலாமே? பார்த்தாங்க. பிரிட்டன்ல 'ஹார்ட் ப்ரொடெக்‌ஷன் ஸ்டடி'ன்னு ஒண்ணு, 2002ல முடிவு வந்தது. ஏற்கனவே இதய நோய், ரத்தக்குழாய் நோய், சர்க்கரை மாதிரி ஆபத்து இருக்கிற 20,536 பேர். பாதிப் பேருக்கு தினமும் விட்டமின் ஈ, விட்டமின் சி, பீட்டா கரோட்டின், இன்னொரு பாதிக்கு டம்மி மாத்திரை. 5 வருஷம். மாத்திரை சாப்பிட்டவங்க ரத்தத்துல விட்டமின் நல்லா ஏறிச்சு. ஸ்ட்ரோக் குறையலை. மாரடைப்பும் குறையலை. ரிப்போர்ட்ல நம்பர் அழகாச்சு, ஆளுக்கு ஒண்ணும் ஆகலை. அப்புறம் 2010ல பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தப்போ, விட்டமின் ஈ மாத்திரை அடைப்பு வகை ஸ்ட்ரோக்கைச் சுமார் 10 சதவீதம் குறைக்குது, ஆனா ரத்தக்கசிவு வகையைச் சுமார் 22 சதவீதம் கூட்டுதுன்னு தெரிஞ்சுது. அண்ணன் அனுப்பின பேக்கேஜ்ல முதல் ஐட்டமே விட்டமின் ஈ. அப்பா ஏற்கனவே ஆஸ்பிரின் சாப்பிடுறார்.

ஸ்ட்ரோக் வந்த உடனே ஃப்ரீ ரேடிக்கலை அடக்குற மருந்து? அதுவும் பார்த்தாச்சு. ஆஸ்ட்ராஜெனிகாவோட என்எக்ஸ்ஒய்-059. 2006ல முதல் பெரிய சோதனை, செயிண்ட் ஒன்னு பேரு, 1,700க்கும் மேல பேஷன்ட்டுகள், பலன் இருக்குன்னு வந்தது. கொண்டாடினாங்க. அடுத்த வருஷமே செயிண்ட் டூ, 3,000க்கும் மேல பேர். பலன் இல்லை. மருந்தைக் கைவிட்டாங்க. எலியில நல்லா வேலை செஞ்ச ஒரு முழு தலைமுறை ஆராய்ச்சி அந்த இடத்துல முட்டி நின்னுச்சு. எடாரவோன்னு இன்னொரு மருந்து இருக்கு. ஜப்பான்ல 2001ல இருந்து அனுமதி, இந்தியாவுலயும் பயன்படுத்துறாங்க. ஆனா மேற்கு நாடுகள்ல ஸ்ட்ரோக்குக்கு அது இன்னும் வழக்கமான வைத்தியம் ஆகலை.

ஏன் இப்படி? எனக்குப் பிடிச்ச பகுதி இதுதான், கொஞ்ச நேரம் இங்க நிக்கறேன். அடைப்பு வந்தா அந்தப் பகுதிக்கு ஆக்சிஜன் போகாது. அப்போ ஆக்சிஜன் இல்லாத இடத்துல ஆக்சிஜன் சேதம் எப்படி நடக்கும்? எனக்கு காலேஜ்ல வந்த சந்தேகம் இது. 1985ல அதே மெக்கார்ட் எழுதின ஒரு கட்டுரையில இதுக்கு விளக்கம் இருக்கு. அடைச்ச நேரத்துல செல்லுக்குள்ள கணக்கு வழக்கெல்லாம் குலைஞ்சு கிடக்கும். அடைப்பு திறந்து ரத்தம் திரும்ப வரும்போது, அந்த ஆக்சிஜனைச் சரியா கையாள ஆள் இல்லை. திடீர்னு ஃப்ரீ ரேடிக்கல் பொங்கும். பில்லெட் பர்னஸ்ல இருந்து வெளிய வந்து காத்தைத் தொடுற நொடி மாதிரி. காப்பாத்த வர்ற ரத்தமே ஓரளவு சேதத்தையும் கொண்டு வருது. ஆனாலும் குழாயைத் திறக்காம விடுறது இதைவிடப் பல மடங்கு மோசம். ஜெஃப்ரி சேவர்னு ஒரு நரம்பியல் டாக்டர் 2006ல கணக்குப் போட்டார்: பெரிய குழாய் அடைச்சா நிமிஷத்துக்கு 19 லட்சம் நியூரான் சாகுது. ஃப்ரீ ரேடிக்கல் பொங்குறதும் சீக்கிரமே நடக்குது. மருந்து அங்க நேரத்துக்குப் போய்ச் சேரணும், அடைப்பைத் தாண்டிப் போகணும், மூளைக்குள்ள நுழையணும். கும்மிடிப்பூண்டியில இருந்து சென்னைக்குப் போன எங்க கதை மாதிரியே.

ரத்தக்கசிவு வகையில இரும்பே நேரா வில்லனா வருது. குழாய் உடைஞ்சு மூளைக்குள்ள கொட்டின ரத்தத்துல ஹீமோகுளோபின் சிதைஞ்சு இரும்பு வெளிய வரும். இரும்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்தா எவ்வளவு வீரியம் வருதுன்னு 1894லேயே ஹென்றி ஃபென்டன்னு ஒரு பிரிட்டிஷ் வேதியியலாளர் காட்டிட்டார். இன்னைக்குப் பல ஆலைகள்ல கழிவுநீரைச் சுத்தம் பண்ண அதே ரியாக்‌ஷனைப் பயன்படுத்துறாங்க. சாயக்கழிவை உடைக்கிற அளவுக்கு வலு உள்ள விஷயம் மூளைக்குள்ள நடக்குதுன்னா யோசிச்சுப் பாருங்க. அந்த இரும்பை உறிஞ்சி எடுக்க டெஃபராக்சமின்னு ஒரு மருந்தையும் சோதிச்சாங்க. 2019ல வந்த ரிசல்ட் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை.

அப்போ இந்த மார்க்கரெல்லாம் வீண் வேலையா? நான் பண்ண வேலையைக் காப்பாத்தச் சொல்றேன்னு நினைக்காதீங்க, வீண் இல்லை. கூட்டத்தைப் பத்திப் பேச அது உதவும். பிஎம் 2.5 தூசியை எடுத்துக்கோங்க. காத்துல எத்தனை மைக்ரோகிராம் இருக்குன்னு நியூஸ்ல சொல்வாங்க. ஆனா கடற்கரை உப்புத்தூசியும் உலோகம் கலந்த புகைத்தூசியும் எடையில ஒண்ணா இருந்தாலும் நுரையீரலுக்குள்ள செய்ற வேலை ஒண்ணு இல்லை. அதனால தூசியோட ஆக்சிடேஷன் பலத்தையே இப்போ தனியா அளக்கிறாங்க. டெல்லியிலயும் சென்னையிலயும் சுமார் 12,000 பேரைத் தொடர்ந்து கவனிச்ச ஒரு ஆய்வு 2023ல வந்தது. பிஎம் 2.5 கூடக்கூட சர்க்கரை நோய் வர்ற வாய்ப்பும் கூடுதுன்னு அது சொல்லுது. சர்க்கரை இருந்தா ஸ்ட்ரோக் ஆபத்து கூடும். எண்ணூர் தாண்டும்போது ஜன்னல் பக்கத்துல உட்கார்ந்தவங்களுக்கு நான் ரொம்ப விளக்க வேண்டியதில்லை. அப்பாவுக்கு வந்தது இந்தப் புகையாலதானான்னு அம்மா கேட்டாங்க. ஒரு ஆளுக்கு அப்படிச் சொல்லவே முடியாது. ஒரு ஊருக்குச் சொல்லலாம். அதுக்கு அந்த ஊர்ல ஆயிரக்கணக்கான பேர்கிட்ட, நோய் வர்றதுக்கு முன்னாடியே ரத்தம் எடுத்து வச்சு, வருஷக்கணக்கா தொடரணும். நாலாயிரம் ரூபாய் ப்ரொஃபைல் அதைச் செய்யாது.

அண்ணனுக்கு ஒரு வழியா போன் பண்ணினேன். "வேணாம்ணா" என்றேன். ஒரு நிமிஷம் அமைதி. அப்புறம், "காசுக்காகச் சொல்றியா?"ன்னு கேட்டான். அது வலிச்சுது. "இல்லைண்ணா, ரிசல்ட் எப்படி வந்தாலும் அடுத்த நாள் காலையில நாம செய்யப்போறது மாறாது. அப்புறம் எதுக்கு?" என்றேன். "அப்போ எதை அளந்தா மாறும்?" நியாயமான கேள்வி. பிரஷர் என்றேன்.

சப்புனு இருக்கு இல்லையா? அவனுக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனா 2001ல வந்த ப்ராக்ரஸ்ங்கிற ஆய்வுல, ஏற்கனவே ஸ்ட்ரோக் அல்லது அதோட சின்ன எச்சரிக்கை வந்த 6,105 பேர்கிட்ட பிரஷர் மாத்திரையைச் சோதிச்சாங்க. திரும்ப ஸ்ட்ரோக் வர்றது 28 சதவீதம் குறைஞ்சுது. பயோகெமிஸ்ட்ரிக்காரங்களுக்கு ஒரு ஆறுதலும் இருக்கு. பிரஷரை ஏத்துற ஆஞ்சியோடென்சின்ங்கிற ஹார்மோன் ரத்தக்குழாய்ச் சுவர்ல சூப்பராக்சைடு உற்பத்தியைத் தூண்டுது. அதைத் தடுக்கிற பிரஷர் மாத்திரை, சத்தமே இல்லாம ஆக்சிடேஷனையும் ஊற்றுலேயே குறைக்குது. டப்பாமேல ஆன்டிஆக்சிடன்ட்னு போடலை, அவ்வளவுதான்.

அப்பா ஸ்ட்ரோக் வர்றதுக்கு எட்டு மாசம் முன்னாடி பிரஷர் மாத்திரையை நிறுத்தியிருந்தார். "தலைதான் சுத்தலையே"ன்னு. எனக்கு அது தெரியாது. நான் அந்த எட்டு மாசமும் முன்பின் தெரியாதவங்களோட ரத்தத்தை ஐஸ்ல வச்சுக் காப்பாத்திக்கிட்டு இருந்தேன்.

இப்போ மக்களைத் தேடி மருத்துவம் ஆட்கள் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்து தர்றாங்க. அண்ணன் அந்த நாலாயிரத்துல ஒரு நல்ல பிரஷர் மெஷின் வாங்கினான், மீதியில அப்பாவுக்கு பிஸியோதெரபி. காலண்டர்ல தினமும் அம்மா எழுதுறாங்க. சிகரெட் முழுசா நின்னுடுச்சுன்னு சொல்ல ஆசை. நிக்கலை. நாளைக்கு ஒண்ணுன்னு வந்திருக்கு.

இன்னொரு விஷயம் சொல்லணும். அப்பாவைப் பார்க்க அவரோட மில்லுல வேலை பார்க்கிற பசங்க வந்தாங்க. ஒடிசா, பீகார் பசங்க, ஒரே ரூம்ல எட்டு பேர். அவங்ககிட்ட ஸ்ட்ரோக் அடையாளங்களைச் சொல்லிக்கிட்டிருந்தேன்: சிரிக்கச் சொல்லுங்க, வாய் கோணுதா பாருங்க. ரெண்டு கையையும் தூக்கச் சொல்லுங்க, ஒண்ணு இறங்குதா பாருங்க. பேசச் சொல்லுங்க, குழறுதா கேளுங்க. அப்போ அப்பா, குழறலோடயே, குறுக்க பேசினார். "இவன் ஒடியாவுல குழறினா சூப்பர்வைசருக்கு எப்படித் தெரியும்?"

எந்த ஹெல்த் போஸ்டர்லயும் நான் இந்தக் கேள்வியைப் பார்த்ததில்லை. நல்லா இருக்கும்போதே அவன் பேசுறது சூப்பர்வைசருக்குப் புரியாது. மூணு அடையாளத்துல ஒண்ணு அங்க பாதி செத்துப்போச்சு. வாயும் கையும்தான் மிச்சம். அதோட, கடைசியா நல்லா இருந்த நேரம் எப்போன்னு ஆஸ்பத்திரியில கேட்டா, கூட வந்த கான்ட்ராக்டருக்குத் தெரியாது. அது ரூம்ல தூங்குற ஷிப்ட் பார்ட்னருக்குத்தான் தெரியும். அவரை யாரும் கூட்டிட்டுப் போக மாட்டாங்க.

அந்தப் பசங்கள்ல ஒருத்தன் நோட்டுல ஒடியாவுலயும் ஹிந்தியிலயும் எழுதிக் கொடுத்தான். நான் பெருசா ப்ரின்ட் எடுத்தேன். வாய், கை, பேச்சு. கடைசியா நல்லா இருந்த நேரத்தைக் குறிச்சுக்கோ. ட்ரிப்ஸ் போடுற இடத்துக்குப் போகாதே, ஸ்கேன் இருக்கிற இடத்துக்குப் போ. கீழே 108. இதுவரைக்கும் பதினோரு ரூம் சுவத்துல ஒட்டியிருக்கோம். ஒரு ஹவுஸ் ஓனர் மட்டும் பெயின்ட் போயிடும்னு கிழிச்சுட்டார். அங்க இப்போ கதவுக்குப் பின்னாடி ஒட்டியிருக்கு.

அப்பா போன வாரம் கேட்டார், "அப்போ எனக்குள்ள துரு இருக்கா இல்லையா?" இருக்குப்பா, எனக்கும் இருக்கு, எல்லாருக்கும் இருக்கு என்றேன். "எவ்வளவு?"ன்னு கேட்டார். தெரியாதுன்னேன். "இதுக்கா ரெண்டு வருஷம் லேப்ல இருந்தே?"ன்னுட்டு இடது கையால டம்ளரைத் தூக்கப் பார்த்தார். பாதி டீ வரைக்கும் வந்தது.

அடுத்த எபிசோடுல கெஸ்ட் இருக்காங்க.